நோயாளி எதை மேலே எறிந்தார்? ஆங்கில ‘த்ரோ’வை ரஷ்ய மொழிக்குக் கொண்டுபோவது பற்றி

அக்கா பையன் டாக்டருக்குப் படிக்க ரஷ்யா போகிறான். போவதற்கு முன்னால் கொஞ்சம் மொழி கற்றுக்கொள்ளட்டும் என்று என்னிடம் தள்ளிவிட்டார்கள், ரஷ்ய மொழியில் வரும் தொழிற்சாலைக் காகிதங்களை மொழிபெயர்த்தே நான் பாதி வயதைக் கழித்தவன் என்பதால். போன வாரம் அவனுக்கு ஒரு சின்ன ஆங்கில வாக்கியம் கொடுத்தேன். நோயாளி இரவில் இரண்டு முறை வாந்தி எடுத்தார் என்பதுதான் விஷயம், ஆனால் வேண்டுமென்றே ‘த்ரோ அப்’ போட்டு எழுதியிருந்தேன். பையன் அகராதியில் ‘த்ரோ’ பார்த்தான், ‘அப்’ என்றால் மேலே, இரண்டையும் ஒட்டி ‘பத்ப்ரோசில்’ என்று எழுதிக்கொண்டு வந்தான். அதைப் படிக்கும் ரஷ்யருக்கு, நோயாளி இரவில் இரண்டு முறை எதையோ மேலே தூக்கிப் போட்டார் என்றுதான் புரியும். எதை என்று கேட்பார்.

“பந்தையா மாமா?” என்று அவனே சிரித்தான்.

சரி, இதை முதலில் இருந்து பார்ப்போம்.

ஆங்கிலத்தில் ஒரு சாதாரண வினைக்குப் பின்னால் ‘அப்’, ‘அவுட்’, ‘இன்’, ‘ஆஃப்’ என்று ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டு அர்த்தத்தையே மாற்றிவிடும். இதைத்தான் ஃபிரேசல் வெர்ப் என்கிறார்கள். ரஷ்ய மொழியில் அந்தக் குட்டிச் சொல் வேலையைப் பெரும்பாலும் முன்னொட்டு செய்கிறது, வினைக்கு முன்னால், இடைவெளி இல்லாமல், ஒரே சொல்லாக. ஆங்கிலத்துக்கு வால், ரஷ்ய மொழிக்குக் கொம்பு என்று பையனுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன், நம் எழுத்திலும் கொம்பு முன்னால்தானே வருகிறது. தமிழில் நாம் இரண்டும் செய்வதில்லை, இன்னொரு வினையைக் கூட்டுச் சேர்த்துக்கொள்கிறோம்: தூக்கி எறி, விட்டெறி, கழற்றிப் போடு, வெளியே தள்ளு.

ஆக, வாலை வெட்டிக் கொம்பாக வைத்தால் முடிந்தது என்று தோன்றும். பாதி நேரம் அது சரியாகவே வரும், அதனால்தான் ஆபத்து. நான் சொல்லிக்கொடுத்த சோதனை ஒன்றே ஒன்று: அந்த வாக்கியத்தில் உண்மையிலேயே ஏதாவது பறக்கிறதா? கையை விட்டுக் கிளம்பி இன்னோர் இடத்தில் போய் விழுகிறதா? ஆமாம் என்றால் எறிகிற வினையும் முன்னொட்டும் போதும். இல்லை என்றால் ‘த்ரோ’வை மறந்துவிட்டு, அங்கே நடந்தது என்ன என்று பார்த்து, அதற்கு ரஷ்யர் எந்த வினையைப் பிடிப்பார் என்று தேட வேண்டும்.

பறக்கிற பக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், அது சுலபம். எறிவதற்கு அடிப்படை வினைகள் நான்கு. பொதுவானது ‘ப்ரசாத்’ (ஆமாம், பக்கத்து வீட்டுப் பிரசாத் மாதிரியேதான் காதில் விழும், பையன் இந்த ஒரு சொல்லை மட்டும் மறக்கவே இல்லை). பேச்சு வழக்கில் அதிகம் புழங்குவது ‘கிதாத்’. கோபத்தோடோ வேகத்தோடோ விட்டெறிந்தால் ‘ஷ்வீரியாத்’. குறி பார்த்து வீசுவது ‘மெத்தாத்’, ஈட்டி, வட்டு, சுத்தியல் எறியும் விளையாட்டுகளுக்கு இதுதான் சொல். குண்டு எறிதலுக்கு மட்டும் ரஷ்யர் ‘தள்ளு’ என்கிற வினையைப் போடுகிறார்கள், பார்க்கப்போனால் அந்த விளையாட்டில் நடப்பதும் அதுதான். ரஷ்ய ஒலிகளைத் தமிழ் எழுத்தில் எழுதுவது குத்துமதிப்புதான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘ஷ்வீரியாத்’தில் நான் ‘வீ’ என்று எழுதிய இடத்தில் வருவது நம் ‘ஈ’ அல்ல, ‘காடு’, ‘பட்டு’ என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் வரும் குற்றியலுகரம் இருக்கிறதே, அதற்குப் பக்கத்து வீடு. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் திணறும் அந்த ஒலி நமக்கு ஓரளவு வாயில் இருக்கிறது.

இப்போது கொம்புகள். ‘வீ’ வைத்தால் வெளியே: ‘வீப்ரசித்’ என்றால் வெளியே எறி, குப்பையில் போடு. ஆங்கிலத்தில் ‘த்ரோ அவுட்’, ‘த்ரோ அவே’ என்று இரண்டாக இருப்பது இங்கே ஒன்றிலேயே அடங்கிவிடும். ‘ஸ்’ வைத்தால் மேலிருந்து கீழே, அல்லது உடம்பை விட்டு: ‘ஸ்ப்ரோசித்’. குளிர்காலத்தில் கூரையில் சேர்ந்த பனியைக் கீழே தள்ளுவதும் இதே வினைதான், கோட்டை உதறிப் போடுவதும் இதே வினைதான். ‘ந’ என்றால் ஒன்றின் மேல்: சால்வையைத் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டாள் என்பதற்கு ‘நகீனுத்’, ஆங்கிலத்தின் ‘த்ரோ ஆன்’. ‘பெரெ’ என்றால் தாண்டி அந்தப் பக்கம். ‘அத்’ என்றால் தள்ளி, விலக்கி. ‘த’ என்றால் போய்ச் சேரும் அளவுக்கு: பந்தை எறிந்தான், அது அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது என்று நாம் இரண்டு வினையில் சொல்வதை அவர்கள் ‘தப்ரோசித்’ என்று ஒன்றில் முடித்துவிடுவார்கள். ‘வ்’ என்றால் உள்ளே: கால்பந்தில் கோட்டுக்கு வெளியே இருந்து பந்தை எறிவதும், ஐஸ் ஹாக்கியில் இரண்டு பேருக்கு நடுவே நடுவர் வில்லையைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்குவதும் ‘வ்ப்ராசிவானியே’.

‘பத்’ மட்டும் கொஞ்சம் குறும்பு. பெயருக்கு அதன் அர்த்தம் ‘கீழே, அடியில்’. ஆனால் ‘பத்ப்ரோசித்’ என்றால் மேலே தூக்கிப் போடு. அடியில் இருந்து மேல்நோக்கி என்று எடுத்துக்கொண்டால் புரியும். அதே ‘அடியில்’ இன்னொரு பக்கமும் கிளை விட்டிருக்கிறது, யாருக்கும் தெரியாமல் கொண்டுபோய் வைப்பது என்று. ஒருவன் பையில் இல்லாத பொருளைப் போட்டு அவனை மாட்டிவிடுவது ‘பத்ப்ரோசித்’. வாசலில் யாரோ விட்டுப்போன குழந்தைக்குப் பெயர் ‘பத்கீதிஷ்’. டாக்டருக்குப் படிக்கப் போகிறவன் இதோடு இன்னொன்றையும் சேர்த்துத் தெரிந்துகொள்வது நல்லது: கொம்பை மாற்றி ‘வீக்கிதிஷ்’ என்றால் கருச்சிதைவு. வார்டில் நின்றுகொண்டு இரண்டையும் குழப்பினால் சிரிக்கிற விஷயமாக இருக்காது.

அடுத்தது, ஆங்கிலம் இவ்வளவு கறாராகக் கேட்காத ஒரு கேள்வியை ரஷ்ய மொழி ஏறக்குறைய ஒவ்வொரு வினைக்கும் கேட்கும்: வேலை முடிந்ததா, இல்லை நடந்துகொண்டிருக்கிறதா, அடிக்கடி நடப்பதா? முடிந்ததற்கு ஒரு வினை, முடியாததற்கு இன்னொன்று, ஜோடி ஜோடியாக. ‘ப்ரசாத்’ எறிந்துகொண்டிருப்பது, ‘ப்ரோசித்’ ஒருமுறை எறிந்து முடிப்பது. ‘கிதாத்’துக்கு ஜோடி ‘கீனுத்’. கொம்பு வைத்த பிறகும் இந்தக் கணக்கு தொடரும்: ‘வீப்ரசித்’ என்று முடிந்ததைச் சொன்னால், தினமும் குப்பை போடுவதற்கு ‘வீப்ராசிவத்’ என்று வயிற்றில் ஓர் அசையைச் சேர்க்க வேண்டும்.

இந்த இடத்தில் நிறையப் பேர் பயந்துபோய் நிறுத்திவிடுகிறார்கள். நமக்கு அவ்வளவு பயம் தேவையில்லை என்பது என் கட்சி, ஏனென்றால் ‘விடு’ என்று ஒன்று நம்மிடம் இருக்கிறது. ‘எறிந்தான்’, ‘எறிந்துவிட்டான்’ இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்னும் வேடிக்கை, ‘செய்யாதே’ என்று சொல்லும்போது நடப்பது. ரஷ்ய மொழியில் ஒன்றைத் தடுக்கும்போது வழக்கமாக முடியாத வினைதான் வரும்: ‘நி வீப்ராசிவய்’, அதாவது வீசாதே. அதையே முடிந்த வினையில் ‘ஸ்மத்ரீ, நி வீப்ரசி’ என்று சொன்னால் அது தடை இல்லை, எச்சரிக்கை: பார்த்து, தெரியாமல் வீசிவிடாதே. ‘வீசாதே’, ‘வீசிவிடாதே’. இலக்கணப் புத்தகத்தில் அரைப் பக்கம் எடுத்துக்கொள்ளும் விஷயத்தைப் பையன் ஒரு நொடியில் பிடித்துக்கொண்டான். எல்லா இடத்திலும் ‘விடு’ போட்டால் முடிந்த வினை வந்துவிடும் என்று கணக்குப் போட முடியாது, வெறும் ‘எறிந்தான்’ என்பதற்கே பல வாக்கியங்களில் ‘ப்ரோசில்’ என்று முடிந்த வினைதான் வரும், ஆனால் காதைப் பழக்க இது நல்ல தொடக்கம்.

ஜோடியில் ஒரு பொறி இருக்கிறது, மொழிபெயர்க்கிறவர்களே தடுக்கி விழும் இடம். ‘ஸ’ என்கிற கொம்பை (முன்பு பார்த்த ‘ஸ்’ வேறு, இது வேறு) ‘ப்ரோசித்’தின் மேல் வைத்தால் ‘ஸப்ரோசித்’: எங்கோ தூரத்தில், எட்டாத இடத்தில் போய் விழும்படி எறிவது, பந்தைக் கூரை மேல் போட்டுவிட்டோமே அந்த மாதிரி. அதே கொம்பை ‘ப்ரசாத்’தின் மேல் வைத்தால் ‘ஸப்ரசாத்’: எறிந்து எறிந்து ஒருவரை மூடிவிடுவது, கல்லாலோ பூவாலோ கேள்விகளாலோ. நிருபர்கள் அமைச்சரைக் கேள்விகளால் துளைத்தார்கள் என்பதற்கு இது கச்சிதமான வினை. ஆனால் இந்த இரண்டுக்கும் ‘நடந்துகொண்டிருக்கும்’ வடிவம் ஒன்றேதான், ‘ஸப்ராசிவத்’. ஆகவே அதைப் பார்த்தால் பக்கத்தில் என்ன வேற்றுமை உருபு வந்திருக்கிறது என்று பார்த்தாக வேண்டும்: ‘ஆல்’ மாதிரி உருபு வந்தால் மூடுவது, ‘ஐ’ மாதிரி மட்டும் வந்தால் தூரமாகப் போடுவது. ‘நப்ரோசித்’, ‘நப்ரசாத்’ இரண்டும் இதே கதை, முதலாவது மேலே போர்த்துவது, இரண்டாவது குவியலாக எறிவது அல்லது சட்டென்று ஒரு படம் கிறுக்குவது.

வேற்றுமை என்றதும் ஞாபகம் வருகிறது. ஆங்கிலத்தில் ஒருவர் பிடிக்கும்படி எறிந்தால் ‘த்ரோ டு’, அடிபடும்படி எறிந்தால் ‘த்ரோ அட்’. ரஷ்ய மொழியில் முதலாவதற்கு நம் ‘கு’ உருபு போன்றது வரும், ‘எனக்குப் பந்தைப் போடு’ என்கிறோமே அப்படியே. இரண்டாவதற்கு ‘உள்ளே’ என்று பொருள்படும் முன்னிடைச்சொல் வந்து, ஆளின் மேல் ‘ஐ’ உருபு ஏறும், நாம் ‘என் மேல் எறிந்தான்’ என்போம். இதைத் தவறாகப் போட்டால் அன்பாகப் பந்து போட்டவன் அடிக்க வந்தவனாகிவிடுவான். எறியப்படும் பொருளிலும் நுணுக்கம் உண்டு: சும்மா ஆற்றில் கல்லை எறிவதற்கும், ஒருவனைக் கல்லால் எறிவதற்கும் நம்மிடம் உருபு மாறுகிறது அல்லவா, ரஷ்ய மொழியிலும் அதே மாதிரி மாறும், ‘ப்ரசாத் காம்னி’, ‘ப்ரசாத் கம்னியாமி’ என்று. கல் ஆயுதமானால் ‘ஆல்’.

இனி ஒன்றும் பறக்காத பக்கம். உண்மையான வேலை இங்கேதான்.

நம் நோயாளிக்குத் திரும்புவோம். வாந்திக்கு ரஷ்யர் பிடிக்கும் வினை ‘ர்வாத்’. அதன் நேர்ப்பொருள் கிழி, பிடுங்கு. வாக்கியத்தில் எழுவாயே கிடையாது: ‘பத்ஸியேன்தா நோச்சு த்வாஷ்தி வீர்வலா’, சொல்லுக்குச் சொல் வைத்தால் ‘நோயாளியை இரவில் இரு முறை பிடுங்கியெடுத்தது’. எது பிடுங்கியது? ஏதோ ஒன்று, பெயர் கிடையாது. நோயாளி எதையும் செய்யவில்லை, அவருக்கு நடந்தது. ஆங்கிலத்தில் மட்டும்தான் அந்தப் பாவப்பட்ட மனிதர் தானே ‘எறிகிறார்’. குமட்டலுக்கும் இப்படித்தான், ‘மின்யா தஷ்னீத்’. நாம் ‘எனக்குக் குமட்டுகிறது’ என்று ‘கு’ போடுகிறோம், அவர்கள் ‘என்னைக் குமட்டுகிறது’ என்று ‘ஐ’ போடுகிறார்கள், மற்றபடி மனநிலை ஒன்றுதான். ஆங்கிலம் வழியாகப் போகாமல் தமிழில் இருந்து நேரே போயிருந்தால் பையன் பாதி தூரம் தானாகவே போய்ச் சேர்ந்திருப்பான். இன்னொரு எச்சரிக்கை: பல் பிடுங்குவதும் இதே வினைதான். ‘யிமு வீர்வலி ஸூப்’ என்றால் அவனுக்குப் பல் பிடுங்கினார்கள், ‘யிவோ வீர்வலா’ என்றால் அவன் வாந்தி எடுத்தான். ‘யிமு’வா ‘யிவோ’வா, முடிவில் ‘லி’யா ‘லா’வா, அவ்வளவுதான் வித்தியாசம்.

‘த்ரோ அப்’ இதோடு நிற்கவில்லை. வண்டி புழுதியைக் கிளப்பினால் அதற்கு ‘உயர்த்து’ என்கிற வினை. ஒருவர் வேலையை உதறினால் கொம்பே இல்லாத வெறும் ‘ப்ரோசித்’. இனி என்னால் ஆகாது என்று கையைத் தூக்கினால், ரஷ்யர் கையைத் தூக்குவதில்லை, இரண்டு பக்கமும் விரிக்கிறார்: ‘ரஸ்விஸ்தீ ருக்காமி’. நாமும் கையை விரிக்கிறவர்கள்தானே. ஆங்கிலம் கற்பதற்கு முன்பிருந்தே நமக்குத் தெரிந்த அந்தச் சைகையை, ஆங்கிலத்தில் படித்துவிட்டு ரஷ்ய மொழியில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

‘த்ரோ இன்’ என்றால் விலைக்கு மேல் சும்மா சேர்த்துக் கொடுப்பது, நம் கொசுறு. ரஷ்ய மொழியில் ‘ஃப் ப்ரிதாச்சு’, கூடுதலாகக் கொடுப்பது என்கிற அர்த்தத்தில், அதில் எறிதல் எதுவும் இல்லை. பேச்சின் நடுவே ஒரு வார்த்தையைச் சொருகுவதும் ஆங்கிலத்தில் ‘த்ரோ இன்’தான். அதற்கு ரஷ்யரிடம் ஒரு அழகான வினை இருக்கிறது, திருகாணியைத் திருகி உள்ளே ஏற்றுவதற்கும் அதே வினை. குத்துச்சண்டையில் தோல்வியை ஒப்புக்கொண்டு பயிற்சியாளர் துண்டை வளையத்துக்குள் எறிவாரே, அதில் ஆங்கிலம் ‘இன்’ என்கிறது, ரஷ்ய மொழி ‘வீப்ரசித்’ என்று ‘வெளியே’ போடுகிறது. துண்டு ஒன்றுதான், எறிந்த கையும் ஒன்றுதான். ஆங்கிலம் அது விழுகிற இடத்தைப் பார்க்கிறது, ரஷ்ய மொழி அது கிளம்பின இடத்தைப் பார்க்கிறது. உண்மையிலேயே பறக்கிற இடத்தில்கூட வாலைக் கண்ணை மூடிக்கொண்டு கொம்பாக மாற்ற முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்கு அகப்படவில்லை.

மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். யாரோ நம்மைக் குழப்பினால் ‘த்ரோ ஆஃப்’, ரஷ்ய மொழியில் ‘ஸ்பீத்’, தட்டிக் கீழே விழவைப்பது, புத்தியில் இருந்து தட்டிவிடுவதாக. துரத்தி வருகிறவனை ஏமாற்றித் திசை திருப்புவதும் அதே வினை, தடத்தில் இருந்து தட்டிவிடுவதாக. நாடாளுமன்றத்தில் மசோதாவை ‘த்ரோ அவுட்’ செய்தால் ‘அத்க்லனீத்’, ஒருபக்கமாகச் சாய்த்துவிடுவது. வீட்டை விட்டு ஆளைத் துரத்தினால் ‘வீக்னத்’. வாய்ப்பைக் கோட்டைவிட்டால் கை நழுவ விடுவது. விருந்து ‘த்ரோ’ செய்தால் ஏற்பாடு செய்வது. குழந்தை தரையில் புரண்டு அடம்பிடித்தால் ரஷ்யர் அதை எறிவதில்லை, உருட்டுகிறார், ‘ஸகத்தீத்’. வேலையில் ஒருவர் தன்னையே ‘எறிந்துகொண்டால்’, ரஷ்ய மொழியில் அவர் தலையோடு உள்ளே போய்விட்டார். தலையைப் பின்னால் சாய்ப்பது ‘ஸப்ரகீனுத்’, ஒரு குவளை மதுவை மடக்கென்று ஊற்றிக்கொள்வது ‘அப்ரகீனுத்’, கவிழ்த்துவிடுவது. இவை இரண்டிலும் பழைய ‘கீனுத்’ ஒளிந்துகொண்டிருக்கிறது, காது கொடுத்தால் தெரியும்.

எதிர்த்திசையிலும் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ரஷ்யர்கள் எறிகிற பல இடங்களில் ஆங்கிலம் எறிவதே இல்லை. சிகரெட்டை விடுவது ‘ப்ரோசித் குரீத்’, புகைப்பதை எறிவது. ‘ப்ரோஸ்!’ என்று ஒரு நண்பர் கையை ஆட்டினால் எதையும் கீழே போட வேண்டாம், ‘அட விடுப்பா’ என்கிறார். காசைக் கரியாக்குவதைக் காற்றில் எறிவது என்பார்கள், சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவனும் சொற்களைக் காற்றில் எறிகிறவன்தான். உடல் எடையைக் குறைப்பது ‘ஸ்ப்ரோசித்’, பாஸ்வேர்டை மாற்றியமைக்க ரீசெட் கொடுப்பதும் அதுவே. கம்ப்யூட்டர் நிரலில் எக்ஸெப்ஷனை, அதாவது ஏதோ தவறாகிவிட்டது என்கிற அறிவிப்பை, ‘த்ரோ’ செய்வதை மட்டும் ரஷ்ய நிரலாளர்கள் அப்படியே ‘வீப்ரசித்’ என்று எடுத்துக்கொண்டார்கள். அதன் பெயர்ச்சொல் ‘வீப்ரஸ்’ தொழிற்சாலைக் காகிதத்தில் வந்தால் புகைபோக்கி வெளியேற்றும் கழிவு, புள்ளியியலில் வந்தால் கூட்டத்தோடு சேராமல் விலகி நிற்கும் எண். ஒரே அறிக்கையில் இரண்டும் வந்து நான் ஒரு ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறேன், புகைபோக்கியில் இருந்து எண் எப்படி வெளியே வரும் என்று.

கடையில் ‘ஸ்கீன்’ என்று தொடங்கினால் விலையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்கிறார்கள். நண்பர்கள் ‘ஸ்கீனுத்ஸா’ என்றால் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுச் செலவைப் பங்கிடுவது. ‘மின்யா கீனுலி’ என்று ஒருவர் புலம்பினால் யாரும் அவரைத் தூக்கி எறியவில்லை, ஏமாற்றிவிட்டார்கள், நன்றாக நாமம் போட்டுவிட்டார்கள். கார் வைத்திருப்பவரிடம் மெட்ரோ வரைக்கும் ‘பத்ப்ரோசிஷ்?’ என்று கேட்டால் போகிற வழியில் இறக்கிவிடுவாயா என்று அர்த்தம், பையன் முதலில் எழுதிக்கொண்டு வந்த அதே வினை.

திருத்திய வாக்கியத்தை எழுதிவிட்டேன் என்று நேற்று போனில் சொன்னான். “போட்டோ எடுத்து அனுப்புடா” என்பதற்குப் பதிலாக ‘ஸ்கீன் ஃபோத்தோ’ என்று எழுதி அனுப்பினேன். ஐந்து நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டான், “போட்டோவைக் கீழே போடணுமா மாமா?”